பீப்பாயில் ஒரு மீன்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது பெங்களூர் மர்பி டவுனில் எல்லோருக்கும் தெரியும். கோபத்தையாவது மன்னிக்கலாம், அது வந்த வேகத்தில் போய்விடும். என்னிடம் இருந்த இன்னொன்று போகாது. அதற்குத் தன்மானம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் வீம்பு என்று புரிய எனக்கு முப்பத்தொன்பது வயதாக வேண்டியிருந்தது. அண்ணனும் சாக வேண்டியிருந்தது.

நான் பெர்னார்ட். கண்டோன்மெண்டில் ஒரு எஞ்சினியரிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். மற்றவர்கள் யோசிப்பதைக் காகிதத்தில் அளவோடு கோடு போட்டுக் காட்டுவது என் தொழில். அண்ணன் ரெமிஜியஸ் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பட்டாளத்துக்குச் சட்டை தைப்பார். வீட்டு முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை கடகடவென்று ஓட்டிக்கொண்டிருப்பார். எனக்கு முதல் கால்சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அப்பா இறந்த மறுவருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து தொடக்கத்தில், வீட்டைப் பாகம் பிரித்தோம். நீளமான ஓட்டு வீடு. நடுவில் சுவர் எழுப்பினால் இரண்டு வீடாகிவிடும். கொல்லையிலும் அதே சுவரை நீட்டிப் பிரித்தால் ஆளுக்கொரு துண்டு தோட்டம். எல்லாம் சரியாகத்தான் போனது. கிணறு மட்டும் ஒன்று. அது அண்ணன் பக்கம் விழுந்தது.

"அதுக்கு இன்னாடா? நீ எப்ப வேணா வந்து சேந்திக்கோ," என்றார் அண்ணன்.

"பத்திரத்துல அதை எழுதிடுங்கண்ணா," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம கிணத்துல நீ தண்ணி சேந்த பத்திரம் வேணுமா?"

"வாய்வார்த்தையை நம்ப முடியுமா? நாளைக்கு உங்க மனசு மாறினா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. அண்ணி ஜோசஃபின் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மெதுவாக, "அப்பா இருந்திருந்தா இந்த வார்த்தையைப் பேசுவியாடா?" என்றார். அப்பாவை இழுத்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"உங்க கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு எனக்கு வேணாம். வச்சிக்கோங்க!"

சொல்லிவிட்டு வெளியே போனேன். அடுத்த வாரம் சுவர் எழுந்தது. அதற்குப் பிறகு நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. பெண்கள் இருவரும் சுவரோரம் நின்று பேசுவார்கள், நான் தலைகாட்டினால் நிறுத்திவிடுவார்கள்.

என் மனைவி நோராவுக்குத் தோட்டம்தான் உயிர். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருபதடி நீளமும் பதினைந்தடி அகலமும் உள்ள அந்தத் துண்டு நிலத்தில் அவரை, தக்காளி, நூல்கோல், ஒரு சீமைக்கத்தரிக்காய்ப் பந்தல், நாலு ரோஜாச் செடி என்று இடம் விடாமல் வைத்திருந்தாள். தெருக்குழாயில் வரிசையில் நின்றால் சமையலுக்கும் குளிப்பதற்கும் தண்ணீர் கிடைக்கும். செடிக்குக் கிடைக்காது.

"வீறாப்பா பேசிட்டு வந்துட்டீங்க. இப்ப செடிக்கு யாரு தண்ணி ஊத்தறது?" என்று கேட்டாள்.

"வானம் ஊத்தும்," என்றேன்.

அன்றைக்கே திட்டம் போட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்து ஓட்டுக்கூரை முந்நூறு சதுர அடி. பெங்களூரில் வருஷத்துக்கு முப்பத்தாறு அங்குலம் மழை. அதாவது மூன்றடி. முந்நூறை மூன்றால் பெருக்கினால் தொள்ளாயிரம் கன அடி. காலன் கணக்கில் ஐயாயிரத்து அறுநூறு. வருஷத்து நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்குப் பதினைந்து காலன். தோட்டத்துக்குப் பன்னிரண்டு போதும். மூன்று காலன் மிச்சம்! கூரை கொடுக்கும் தண்ணீரை வீணாகத் தரையில் ஓடவிட்டுவிட்டு, ஊரெல்லாம் கிணற்றுக்கு அலைகிறதே என்று சிரிப்பு வந்தது. கணக்கை நோராவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் அவரை நறுக்கிக்கொண்டே, "நல்லா இருக்குது," என்றாள்.

கூரை விளிம்பில் தகரத்தை வளைத்து வாய்க்கால் கட்டினேன். தார் வந்த இரும்புப் பீப்பாய் இரண்டு வாங்கி, உள்ளே தீ வைத்து எரித்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பிளாக்பள்ளி பழைய இரும்புக் கடையில் அரை நாள் குந்தி உட்கார்ந்து, துருப்பிடிக்காத குழாயாகப் பொறுக்கினேன். "இன்னா சார், வூட்டுக்குள்ள ரயில் வுடப் போறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். பீப்பாய்கள் வெயிலில் காயாமலிருக்க, நடுச்சுவரின் நிழலில் நாலடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் ஏற்றினேன். பீப்பாயின் வாய் சுவரின் உயரத்துக்கு வந்தது. அங்கிருந்து குழாய், பத்தடிக்கு ஓரங்குலம் சரிவு. ஒவ்வொரு செடிக்கும் நேராக ஒரு துளை. துளையில் பருத்தித் திரி செருகினால் தண்ணீர் பீறிட்டு ஓடாமல் சொட்டுச் சொட்டாக விழும். காலையில் குழாயைத் திருகிவிட வேண்டியது, அவ்வளவுதான். குடம் தூக்க வேண்டாம், கிணற்றடிக்குப் போக வேண்டாம், யார் முகத்திலும் விழிக்க வேண்டாம்.

ஜூனில் மழை பிடித்தது. பீப்பாய்கள் நிரம்பி வழிந்தன. நவம்பர் வரை நாலைந்து நாளுக்கொரு மழை வந்து நிரப்பிக்கொண்டே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. வரைபடத்தை மசியால் எழுதி, என் மேஜைக்கு மேலே சுவரில் குத்திவைத்தேன்.

டிசம்பரில் மழை நின்றது. பீப்பாய் மட்டும் வற்றவில்லை. சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது கழுத்துவரை தண்ணீர் இருந்தது. ஜனவரியிலும் இருந்தது. இதில் வியப்படைய ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஓட்டின் மேல் விழும் பனியெல்லாம் வாய்க்காலில் இறங்குகிறது, திரியும் சிக்கனமாகச் சொட்டுகிறது என்று காரணம் கண்டுபிடித்து நோராவிடம் விளக்கினேன். அவள் குனிந்து ரோஜாச் செடியடியில் களை பிடுங்கினாள்.

அந்த ஜனவரியில்தான் இன்னொன்றும் செய்தேன். சீமைக்கத்தரிக்கொடி பந்தலில் அடங்காமல் சுவரேறி அண்ணன் பக்கம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் ஏழெட்டுக் காய் தொங்குவது தெரிந்தது. என் மழைத் தண்ணீரில் காய்த்தது அவர் பக்கம் ஏன் போக வேண்டும்? அரிவாளை எடுத்துச் சுவரோடு சுவராக வெட்டிவிட்டேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொடி விழுந்தபோது நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் மைக்கேல்ராஜ் என் படத்தைப் பார்த்துத் தம் வீட்டிலும் அப்படியே அமைத்திருந்தார். மார்ச் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"பெர்னார்ட், உன் சிஸ்டம் என் வீட்டுல டிசம்பர் ரெண்டாம் வாரமே காலி. செடியெல்லாம் செத்துப்போச்சு. உன்னுது மட்டும் எப்படிய்யா ஓடுது?"

"சரிவு தப்பாப் போட்டிருப்பீங்க சார்," என்றேன். அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பீப்பாய் நிறைந்திருந்தது. அவர் கையை விட்டுத் துழாவினார்.

"மழை பெஞ்சு மூணு மாசம் ஆவுது. ரெண்டு பீப்பாயும் சேர்ந்து எண்பது காலன். தினம் பன்னெண்டு காலன் விடற. ஏழு நாள்ல காலி ஆவணும். உன் கால்குலேஷன்ல வர்ற மழையைப் பூரா எழுதியிருக்க. அது எங்க உக்காரும்னு எழுதலையே?"

தலையில் குட்டு விழுந்ததுபோல் இருந்தது. ஒரு வருஷத்து மழையை நாளொன்றுக்கு இவ்வளவு என்று வகுத்திருந்தேன், வானம் தினம் காலையில் பதினைந்து காலன் அளந்து ஊற்றப்போவதுபோல. பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்ய மாட்டான். கணக்கு எனக்குப் பிடித்தமாக வந்ததால் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

துழாவிக்கொண்டிருந்தவர் "அட!" என்று கையைக் குவித்து வெளியே எடுத்தார். உள்ளங்கைத் தண்ணீரில் ஒரு சின்ன மீன். விரல் நீளம்கூட இல்லை. பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை கறுப்பாக ஒரு கோடு.

"உன் வீட்டுல மட்டும் மழையோட மீனும் பெய்யுதாய்யா?" என்று உரக்கச் சிரித்தார்.

எனக்கு அந்த மீனைத் தெரியும். எனக்கு ஆறு வயதிருக்கும்போது கிணற்றில் கொசுப்புழு சேர்கிறதென்று, அப்பாவும் அண்ணனும் நானும் அல்சூர் ஏரிக்குப் போய் ஒரு தகர டின்னில் பிடித்து வந்து கிணற்றில் விட்ட மீனின் வம்சம் அது. திரும்பி வரும்போது டின்னை நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்தேன். அண்ணன் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, டின்னை என் கையில் கொடுத்தார். வழியெல்லாம் தண்ணீர் அவர் தலையில் சிந்தியது.

"ஏரியிலேருந்து கொக்கு தூக்கிட்டு வந்து போட்டிருக்கும் சார்," என்றேன்.

மைக்கேல்ராஜ் நம்பவில்லை. ஆனால் பெரிய மனிதர், மேலே கேட்காமல் போய்விட்டார். நான் சமையலறைக்குப் போனேன். நோரா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"டிசம்பர்லேருந்து. நீங்க ஆபீசுக்குக் கிளம்பினதும், ஞாயித்துக்கிழமைன்னா நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே, உங்க அண்ணன் அந்தப் பக்கத்துத் துவைக்கிற கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு ஊத்துவாரு. தினம் ஆறு குடம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதம்மான்னு கெஞ்சினாரு. சொன்னா அவன் பீப்பாயைக் கவிழ்த்துடுவான்னாரு."

கவிழ்த்திருப்பேன்.

"அவருக்கு இன்னா வந்துது? நான் காஞ்சு போனா அவருக்குச் சந்தோஷம்தானே?" என்றேன்.

நோராவுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று வந்தது. "அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி வச்சிருக்கான், அது பொய்யாப் போவக் கூடாது, அவன் முகம் வாடிடும்னு சொன்னாரு. நீங்க கொடியை வெட்டின அன்னிக்கும் ஊத்தினாரு. மறுநாளும் ஊத்தினாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கொல்லைக்குப் போய், செங்கல் மேடைமேல் கையூன்றி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினார். பத்தடி தூரம்கூட இல்லை. "அண்ணா" என்று கூப்பிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை, மிஷின் ஓடவில்லை, கட்டாயம் காதில் விழுந்திருக்கும்.

நான் கூப்பிடவில்லை. வெறுங்கையோடு போய் எப்படி நிற்பது? ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. எனக்கு வேறென்ன தெரியும்? ஒரு படம் வரையலாம் என்று முடிவு செய்தேன்.

இந்தத் தடவை சரியான திட்டம். கிணற்றில் ஒரு கைப்பம்பு. சுவரில் ஒரு துளை. துளை வழியாக ஒரு குழாய், பிறகு இரண்டாகப் பிரிந்து இரண்டு தோட்டத்துக்கும் தண்ணீர். ஒரு தடவை பம்பு அடித்தால் இருவர் செடியும் நனையும். அதைத் துணிக்காகிதத்தில் வரைந்து, வர்ணம் தீட்டி, பாஸ்குத் திருநாளான ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் அண்ணன் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. அப்போது நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை, படமே பேசிவிடும். பாஸ்குவுக்கு ஆறு வாரம் இருந்தது. தவக்காலம், செய்த தப்புக்கு வருந்துவதற்குப் பொருத்தமான காலம்தானே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை போதுங்க. படம் எதுக்கு?" என்றாள் நோரா.

"உனக்குப் புரியாது," என்றேன்.

கிணற்றின் ஆழம் தெரிய வேண்டியிருந்தது. அளக்க வேண்டுமானால் அந்தப் பக்கம் போக வேண்டும். நோரா அண்ணியிடம் ஜாடையாகக் கேட்டு வந்து சொன்னாள். பம்பு எந்த அளவு, குழாய் எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று மூன்று தடவை அழித்து எழுதினேன். தலைப்பு எழுத்துக்கே நாலு நாள் பிடித்தது. 'ரெமிஜியஸ் – பெர்னார்ட் தோட்டங்கள், நீர்ப்பாசன அமைப்பு' என்று போட்டேன். அவர் பெயர் முன்னால் வந்ததில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று.

அந்த ஐந்து வாரமும் அண்ணன் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். அது எனக்குத் தெரிந்தேதான் நடந்தது. இதை மறைக்கப் போவதில்லை. வெயில் ஏறுவதற்குள் அவர் ஊற்றி முடிக்கட்டும் என்று அரைமணி முன்னதாக ஆபீசுக்குக் கிளம்பினேன். அதை ஓர் உபகாரமாக நினைத்துக்கொண்டேன்! இரண்டு நாள் விடிகாலையில் தெருக்குழாயில் வரிசையில் நின்று நாலு குடம் கொண்டுவந்து நானே பீப்பாயில் ஊற்றிப் பார்த்தேன். குழாயடிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் போகவில்லை.

கோவிலில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. அண்ணன் அதே வரிசையில் நிற்பதைப் பார்த்து, அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

குருத்து ஞாயிறு வந்தது. ஓலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கோவிலைச் சுற்றி வந்தோம். பவனி முடிந்து, வேப்பமரத்து நிழலில் கூட்டம் கலையும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சட்டைக் காலர் வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. உதடு கறுத்திருந்தது. பதினாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"செடியெல்லாம் நல்லா இருக்கா பெர்னார்டு?"

ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டார். அவர் கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் படத்தில் வர்ணம் இன்னும் காயவில்லை. இன்னும் ஒரு வாரம்தான், அதற்குள் இப்படி மரத்தடியில் அவசரமாகச் சொல்லிக் கெடுத்துக்கொள்வானேன்?

"இருக்குது," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். நானும் நோராவும் வேறு வழியாக வீட்டுக்கு வந்தோம்.

அன்று சாயங்காலமே அவருக்கு மார்வலி வந்தது. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிந்தது. அண்ணி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "நோரா!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்போடு ஓடினேன். தெருவைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலில் ஏற நூறு அடிகூட இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கண்களை மூடிவிட்டிருந்தார்கள்.

டாக்டர் ரொம்ப நாளாகவே இருதயம் பலவீனம் என்றார். குடம் தூக்கியதால் வந்ததல்ல என்று நோரா எனக்கு ஆயிரம் தடவை சொன்னாள். இருக்கலாம். நான் கணக்குப் போடுகிறவன். டிசம்பரிலிருந்து ஊற்றியதை விட்டுவிடுகிறேன், அது எனக்குத் தெரியாது. மார்ச் முதல் ஞாயிறிலிருந்து குருத்து ஞாயிறுவரை முப்பத்தைந்து நாள். நாளுக்கு ஆறு. இருநூற்றுப் பத்துக் குடம். இந்தக் கணக்கை மட்டும் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு தப்பும் இல்லை.

புதன்கிழமை அடக்கம். மைக்கேல்ராஜ் வந்திருந்தார். கல்லறை வாசலில் அவரிடம், "அந்த மீன் எங்க அண்ணன் கிணத்து மீன் சார்," என்றேன். அவர் என் தோளில் கையை வைத்தார். பிறகு போய்விட்டார்.

பாஸ்குவுக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை, நான் வீட்டில்தான் இருந்தேன். ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தேன். மேஜைமேல் படம் சுருட்டி வைத்தபடி கிடந்தது. எட்டரை மணி இருக்கும். கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். சுவருக்கு மேல் ஒரு செம்புக் குடம் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளில் வளையல் இல்லை. குடம் சாய்ந்தது. தண்ணீர் பீப்பாயில் விழுந்தது. குடம் மறைந்தது. ராட்டினம் கிறீச்சிட்டது.

தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கிணற்றடியில் கால் வைத்தேன். அண்ணி கறுப்புப் புடவையில், இரண்டாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லில் ஏறப் போனார். அவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கால் வலிக்காரி.

"அண்ணி, இன்னா பண்றீங்க? வைங்க கீழ!"

"அவரு சொல்லிட்டுப் போனாரு தம்பி," என்றார். "மூச்சு வாங்கறப்பவும் இதையேதான் சொன்னாரு. மழை வர்ற வரைக்கும் பெர்னார்டு பீப்பாயில ஊத்து, அவனுக்குத் தெரியாம ஊத்துன்னாரு. இன்னிக்கு நீங்க வூட்டுல இருப்பீங்கன்னு நான் நினைக்கல. இனிமே தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா?"

"எனக்குத் தெரியும் அண்ணி."

"இப்பதானே பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார்.

"அஞ்சு வாரமா தெரியும். பாஸ்குவுக்கு ஒரு படம் வரைஞ்சு குடுத்துட்டு, அண்ணன்கிட்ட எல்லாத்தையும்..."

அண்ணி குடத்தைக் கல்லின் மேல் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெரிஞ்சுமா தம்பி ஊத்தவுட்டீங்க?" என்றார். பிறகு தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல், "தெரிஞ்சுபோச்சு அண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, இதே கல்லு மேல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. அந்த நாளுக்காகத்தான் அவரு ஊத்திக்கிட்டு இருந்தாரு," என்றார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

நான் அந்தக் குடத்தை எடுத்தேன். கல்லின் மேல் ஏறினேன். அண்ணன் கால் பட்டுப் பட்டு அதில் ஓரிடம் வழவழவென்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால் என் தோட்டம் முழுவதும் தெரிந்தது. அவரையும் தக்காளியும் ரோஜாவும் பச்சைப் பசேலென்று நின்றன. நான் வெட்டிய கொடியின் முனை மறுபடியும் துளிர்த்துச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் நோரா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடத்தைச் சாய்த்தேன். இறங்கி, வாளியை விட்டுச் சேந்தி, மறுபடியும் ஏறினேன். மூன்றாவது குடத்தில் ஒரு மீன் வந்தது. அதைக் கையில் அள்ளிக் கிணற்றில் விட்டேன். நாலாவது குடத்தை ஊற்றி முடித்தபோது எனக்கு மூச்சு இரைத்தது, கண் இருட்டியது. எனக்கு முப்பத்தொன்பது வயது. அண்ணனுக்கு ஐம்பத்தொன்று.

கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு குடம் இருந்தது.